காந்தப்புலத்தைக் கணக்கில எடுத்தீங்களா?

கூட்டம் கூடும் இடங்களிலெல்லாம் முன்வரிசையில் முளைக்கிற ஓர் இனம் உண்டு. அதன் பெயர் ஒற்றைக் கேள்விக்காரர். இவரிடம் இருப்பது ஒரே ஒரு கேள்விதான். அதை வைத்தே ஆயுள் முழுவதும் கௌரவமாகக் காலம் தள்ளிவிடுவார். நீங்கள் இவரைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இவருடைய குறட்டையைக்கூடக் கேட்டிருப்பீர்கள்.

இங்கே நம்மிடம் அகப்பட்டவர் வானியல் துறையின் மூத்த பேராசிரியர். யார் எதைப் பற்றிப் பேசினாலும், அது வால்மீனாகட்டும், விண்கல்லாகட்டும், துறைக்குப் புதிதாக வாங்கப்போகும் நாற்காலிகளாகட்டும், பேச்சு முடிந்ததும் கண்ணைத் திறப்பார், கண்ணாடியைத் துடைப்பார், தொண்டையைச் செருமுவார். "எல்லாம் சரி. காந்தப்புலத்தைக் கணக்கில எடுத்தீங்களா?" என்பார். யார் எடுத்திருப்பார்கள்? பேசியவரின் முகம் தொங்கிப்போகும். மனிதர் எவ்வளவு ஆழமாக யோசிக்கிறார் என்று பின்வரிசை வியக்கும். வீட்டில் சலவை இயந்திரம் நின்றுபோனபோதும் இதையேதான் கேட்டார். "மொதல்ல ப்ளக்கை மாட்டுங்க" என்றார் மனைவி.

விவரம் தெரிந்த மாணவர்கள் கடைசியில் காந்தப்புலத்துக்கென்று ஒரு ஸ்லைடைச் செருகி வைப்பார்கள். துறையில் அதற்குப் பெயர் 'பெரியவர் பங்கு.'

இப்படிப்பட்டவர் முன்னால் ஒரு நாள் ஒரு மாணவி முனைவர் பட்டத்துக்காக வந்து நின்றாள். ஒரு ராட்சதக் கோளின் மேல்காற்றை, அதாவது வளிமண்டலத்தின் மேலடுக்கை, அதன் காந்தப்புலம் என்ன பாடுபடுத்துகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தலைப்பைப் பார்த்ததுமே பேராசிரியரின் தூக்கம் பறந்துவிட்டது. படுபாவி, அவருடைய ஒரே கேள்வியைத் தலைப்பிலேயே விழுங்கிவிட்டாள்.

வேறு வழியில்லாமல் பல வருடங்களுக்குப் பிறகு ஒரு பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டார். சூரியனிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கிற கோளின் மேல்காற்று குளிர்ந்து கிடக்க வேண்டும், ஆனால் கொதிக்கிறது. கோள் தன் காந்தப்புலத்தையும் இழுத்துக்கொண்டு சுழல்கிறது. அதில் மாட்டிய மின்துகள்கள் வெகுதூரத்தில் ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்குகின்றன. அவற்றை இழுத்துப்போகும் பாரம் முழுக்கத் துருவத்து மேல்காற்றின் தலையில் விழுகிறது. அந்த இழுபறியில் அது சூடேறுகிறது, ஒளிர்கிறது. அந்தச் சூடு கோள் முழுக்கப் பரவுகிறது. அழகாகத்தான் இருந்தது. பேராசிரியருக்கோ அழுகை வந்தது. இனி கேட்பதற்கு என்ன இருக்கிறது? இத்தனை வருடம் சேர்த்த பெயர் இன்னும் ஒரு நிமிடத்தில் காற்றில் போய்விடும்.

"சார், உங்க கேள்வி?" என்றார் தேர்வுக் குழுத் தலைவர். கூடமே திரும்பிப் பார்த்தது.

வாய் தானாகத் திறந்தது. "ஏம்மா, கோள் அவ்ளோ வேகமா சுத்துதே. துருவத்துக் காத்து அங்கேயே சுழண்டுக்கிட்டு நின்னுடாதா? சூடு எப்படி நடுப்பகுதிக்கு வரும்?"

மாணவியின் முகம் வெளுத்தது. "தெரியல சார். பரவியிருக்குன்னு அளந்து பாத்தாச்சு. எப்படிப் பரவுதுங்கறதுதான் எனக்குப் பிடிபடல."

பேராசிரியர் ஆடிப்போனார். நிஜமான கேள்வி கேட்டால் இப்படியெல்லாம் ஆபத்து வரும் என்று யாரும் அவருக்குச் சொல்லி வைக்கவில்லையே. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் பேனாவை மூடிவிட்டு அந்தப் பெண்ணை உற்றுப் பார்த்தார். அவளுடைய பட்டத்துக்கே உலை வைத்துவிட்டோமோ என்று இவர் பதறினார்.

"எனக்கும் தெரியாதும்மா" என்றார் அவசரமாக. அந்தக் கூடத்தில் அவர் பேசிய முதல் உருப்படியான வாக்கியம் அதுதான்.

தேர்வாளர் சிரித்துவிட்டார். "எனக்கும்தான்."

பட்டம் கிடைத்தது. பேராசிரியரும் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

அடுத்த வாரம் ஒருவர் நிலாவின் தூசியைப் பற்றிப் பேசினார். நிலாவில் காற்றே கிடையாது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். பேராசிரியர் கண்ணைத் திறந்தார், கண்ணாடியைத் துடைத்தார், தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரி. காத்தைக் கணக்கில எடுத்தீங்களா?"

சிரிக்காதீர்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே 'எல்லாம் சரி, ஆனா...' என்று உங்கள் தொண்டைக்குள் ஒன்று வந்து நிற்கிறதே, அதைக் கொஞ்சம் வெளியே எடுத்துப் பாருங்கள். போன கூட்டத்திலும் நீங்கள் கேட்டது அதைத்தானே?