வேர்க்காத எருமை அண்ணன்

அஞ்சாம் வகுப்போடு நின்றவன் நான். என் கோணல் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் அச்சுக் கோக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நீடாமங்கலம் சுற்றுவட்டாரத்தில் எருமை அண்ணனைப்போல் மனிதரைப் படுத்தி எடுத்தவர் இன்னொருவர் பிறக்கவில்லை. அதில் பிழை கிடையாது.

அவருக்கு வேர்க்காது. பிறவியிலேயே அப்படி. டாக்டர் சொன்னதை ஊருக்கெல்லாம் ஒப்பிப்பார்: "வேலை செஞ்சா ஒடம்பு கொதிக்கும். ஒனக்கு வேர்வை காஞ்சு சூட்டை எடுத்துட்டுப் போயிடும். எனக்கு யாரு எடுப்பா? வாய்க்கால்தான்." அறுப்பில் நெற்கட்டு சுமந்து போகையில் வாய்க்கால் வந்துவிட்டால், தன் கட்டையும் என் தலைமேல் ஏற்றிவிட்டுத் தொபுக்கென்று விழுவார். எருமைபோல மூக்கு மட்டும் வெளியே தெரியும்.

"அண்ணே, கழுத்து ஒடியுது!"

"இருடா, இன்னும் முதுகு ஆறல."

கூலித் தகராறு முற்றியிருந்த ஒரு குறுவை அறுப்பு. பண்ணை ஏஜெண்டு அண்ணனின் காய்ந்த நெற்றியை உற்றுப் பார்த்தார். "ஒரு சொட்டு வேர்வையக் காணோம். சங்கக் கொடி புடிச்சா வேலை செய்ய வேணாமோ? இனிமே எவனாவது வாய்க்கால்ல எறங்குனா, நாளைக்கு மொத்தமா வெளியூர் ஆளுதான்!"

தன்னால் தெருவே வேலை இழக்கக் கூடாது என்று அண்ணன் இறங்கவே இல்லை. உச்சி வெயிலில் முகம் செங்கல்லாகிவிட்டது. தோளைத் தொட்டேன், இட்லிச் சட்டி மூடிபோலச் சுட்டது. களத்துக்குப் போகவேண்டிய கட்டை, நிதானம் தப்பி, அறுத்த வயலுக்கே திருப்பிச் சுமந்து போனார்.

"அண்ணே, எறங்குங்க."

"போடா."

ஏஜெண்டு முன்னால் வாய் திறந்து பழகாதவன் நான். கட்டோடு அண்ணனை வாய்க்காலில் தள்ளிவிட்டேன்.

ஏஜெண்டு கத்தினார். அதற்குள் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் கட்டுகளை வரப்பில் போட்டுவிட்டு ஒவ்வொருவராகக் குதித்தார்கள். கரையில் வேர்த்து வழிந்தவர் ஏஜெண்டு ஒருவர்தான். கிழக்கே மேகம் கறுத்தது. அறுத்த நெல் வயலில் கிடக்கிறது. வெளியூர் ஆள் நாளைக்குத்தான் வருவான். காலையில் "வாங்கடா" என்றவர், "வாங்கப்பா, குளிச்சிட்டே வாங்க" என்றார். வெளியூர்ப் பேச்சு அதோடு நின்றது.

தெளிந்ததும் அண்ணன் திட்டியது என்னைத்தான். "நெல்லை நனைச்சிட்டியேடா, பாவி!" அடுத்த நடையிலேயே தன் ஈரக் கட்டை என் தலைமேல் ஏற்றிவிட்டு மறுபடி விழுந்தார்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றும் சுமையோடு வாய்க்காலைத் தாண்டும்போது என் கழுத்து தானாக விறைத்துக்கொள்கிறது, இன்னொரு கட்டுக்காக.

எழுதி முடித்தது: புரட்டாசி பதினேழு.