தொண்ணூற்றெட்டாம் பாதாளம்

தமாகி பசியால் செத்துக் கிடந்தான். பக்கத்திலேயே மனைவி கட்டிக் கொடுத்த மதியச் சாப்பாடு திறந்தபடி ஆறிக்கொண்டிருந்தது. என்ன செய்ய, சாப்பாடு இருந்தது ஆபீஸ் மேஜையில். அவன் செத்தது கேமுக்குள்ளே, தொண்ணூற்றெட்டாம் பாதாளத்தில். கடைசிச் சோற்றுருண்டையை ஒரு தவளைச் சாமியார் பிடுங்கித் தின்று, அவன் முகத்துக்கு நேரே ஏப்பமும் விட்டிருந்தார்.

அந்த கேமில் செத்தால் கையில் இருப்பதெல்லாம் போய்விடும். ஒரே ஒரு கருணை உண்டு. செத்தவனுக்கு ஓர் எண் வரும். அந்த எண்ணோடு வேறு யாராவது முதல் பாதாளத்திலிருந்து இறங்கி வந்து தொட்டால் பிழைத்துக்கொள்ளலாம். வருகிறவர் வழியில் செத்தால் அவரும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிவரை கெடு.

தமாகிக்கு உயிர் பெரிதில்லை, வாள்தான் பெரிது. ஒன்பது வருடமாகத் தீட்டித் தீட்டி வளர்த்த வாள். தனபே ஊரில் அவன் வேலை பார்த்த ஊறுகாய் கம்பெனியில் அவன் பேச்சை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அந்த வாளைப் பார்க்கும்போதுதான் தானும் ஓர் ஆள் என்று அவனுக்குத் தோன்றும்.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க தமாகி சான், நான் போறேன்," என்றாள் அடுத்த மேஜை இசோபே.

மறுநாள் மதியம் அவள் போட்ட அலறலில் கண்ணாடி அறையிலிருந்து பிரிவுத் தலைவர் உராகமியே வெளியே வந்துவிட்டார். நாற்பதாம் பாதாளத்தில், தான் வைத்த பொறியில் தானே கால் வைத்திருந்தாள்.

"என் பிரிவுல ரெண்டு பேர் விழுந்து கிடக்கறீங்க. நான் வேடிக்கை பாக்கணுமா? எண்ணைக் குடு!"

"சார், நீங்க இதுக்கு முன்னாடி விளையாடினதே..."

"சின்ன வயசுல வாள் கத்துக்கிட்டவன்யா நான்!"

வாள் கற்றவர் மூன்றாம் பாதாளத்தில் ஒரு கடைக்குள் நுழைந்தார். தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு நேராக வெளியே நடந்தார். கடைக்காரன் ஒரே போடு போட்டான்.

"கணக்குல எழுதிக்குவான்னு நெனச்சேன்," என்றார் தலைவர், வெளிறிப்போய்.

இனி யாரை முதலில் காப்பாற்றுவது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பதவி வரிசைப்படி தலைவரைத்தான். விற்பனைப் பிரிவே திரண்டு இறங்கியது. கடைவாசலில் தலைவரின் உடல் கிடந்தது. தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் முறைப்படி குனிந்து வணங்கினார்கள். அந்த கேமில் நாம் ஓர் அசைவு அசைந்தால் எதிரியும் ஓர் அசைவு அசைவான். இவர்கள் குனிந்தார்கள், கடைக்காரன் அடித்தான். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தலைவரைச் சுற்றிப் பிரிவு மொத்தமும் படுத்திருந்தது.

"வணங்காம தொட்டிருக்கலாமே?" என்றான் தமாகி, அழாத குறையாக.

"சாரையா? நீங்களே செய்வீங்களா?" என்று கேட்டாள் இசோபே.

அந்த நேரம் பார்த்துக் கணக்குப் பிரிவு ஹிகிதா ஒரு தாளோடு வந்தார். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத மனிதர். குடி விருந்துகளில் அவர் எழுந்து போவதை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை. தலைவர் பாட ஆரம்பிக்கும்போது அவர் உட்கார்ந்திருந்த மெத்தை மட்டும் இருக்கும்.

"சார், இதுல உங்க முத்திரை..."

"செத்தவன் எப்படிய்யா முத்திரை குத்துறது?" தலைவர் நிமிரவே இல்லை.

ஹிகிதா முத்திரை விழாத தாளைப் பார்த்தார். "அப்போ உங்க எல்லாரோட எண்ணையும் கொஞ்சம் தர்றீங்களா?" என்று கேட்டு வாங்கிக்கொண்டு தன் மூலைக்குப் போனார்.

"பாவம், இன்னொரு பிணம்," என்றாள் இசோபே.

தேநீர் நேரத்தில் தலைவரின் கேம் கருவி மணி அடித்தது. கடைவாசலில் தலைவர் உயிரோடு எழுந்துவிட்டார். அடுத்தடுத்து மேஜைகளில் மணி அடித்தது. நாற்பதாம் பாதாளத்தில் இசோபே எழுந்தாள். அதற்குப் பிறகு யாரும் வேலை செய்யவில்லை. எல்லோரும் தமாகியின் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆறு அடிக்கச் சற்று முன், இருட்டிலிருந்து ஒரு சின்ன உருவம் வந்து அவனைத் தொட்டது. கையில் வாள் இல்லை, கேடயம் இல்லை. திரையில் எழுத்து வந்தது: 'உங்களைக் காப்பாற்றியவர் ஹிகிதா. நிலை ஒன்று.'

"ஒண்ணா?" என்றாள் இசோபே. "ஒண்ணுன்னா எலி கடிச்சாலே செத்துடுவாங்களே!"

"வெறுங்கையோட... தொண்ணூத்தெட்டுக்கு," என்று முணுமுணுத்தார் தலைவர். அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

தமாகியின் வாள் பத்திரமாக இருந்தது. ஆனால் அவன் அதைப் பார்க்கவில்லை. ஒன்பது வருடத்தில் அவன் இப்படி ஒன்றைக் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

உயர்ரக இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கிவரச் செய்து, பிரிவு முழுவதும் கணக்குப் பிரிவின் வாசலில் வரிசையாக நின்று இடுப்பு வளையக் குனிந்தது. தோளில் பையை மாட்டிக்கொண்டு பின்கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஹிகிதா மாட்டிக்கொண்டார்.

"ஹிகிதா சான்! இத்தனை வருஷம் உங்க அருமை தெரியாம இருந்துட்டோம்!" என்றார் தலைவர். முத்திரையைத் தானே கொண்டுவந்து அவர் தாளில் குத்தினார்.

தமாகி நிமிராமலே கேட்டான். "அந்தத் தவளைச் சாமியாரை எப்படி அடிச்சீங்க? ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

ஹிகிதா கூச்சத்தோடு பின்கதவை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"அதை நானே உங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். அந்த கேம்ல அடிக்கிறதுக்கு எந்தப் பட்டனை அமுக்கணும்?"