கலைப்பீடத்துக் கால்வாய்

புவியியல் என்பது பூமியைப் பற்றிய கல்வி. பூமி பெரும்பாலும் வெளியே இருக்கிறது. ஆகவே புவியியல் மாணவர்கள் எப்போதாவது ஒருமுறை வெளியே போய் அதைப் பார்க்க வேண்டும் என்ற கருத்து, கொழும்பிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் நீண்ட ஆலோசனைகளுக்குப் பின்னர் கொள்கையளவில் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

பல்கலைக்கழகத்தின் பெயர் வேண்டாம். அதற்கு இப்போது ஒரு விருது இருக்கிறது. கெடுப்பானேன்.

அதுவரைக்கும் "சூழற் புவியியல்: ஓர் அறிமுகம்" என்ற முதலாம் வருடப் பாடம் சன்னல் இல்லாத குளிரூட்டிய மண்டபம் ஒன்றில்தான் நடந்து வந்தது. கலாநிதி பொன்னம்பலம் திரையில் படம் காட்டுவார். பாலைவனம் வரும், மழைக்காடு வரும், பனி உறைந்த துந்திரப் பிரதேசம் வரும். குளிரூட்டியின் றிமோட் தொலைந்துபோயிருந்தபடியால் துந்திரத்தை மட்டும் மாணவர்கள் நேரடியாக அனுபவித்துப் படித்தார்கள். வெள்ளப்பெருக்கு பற்றிய விரிவுரை, வெள்ளம் காரணமாக ஒத்திவைக்கப்பட்டது.

இந்த வகுப்பில் ஹிபா என்றொரு பிள்ளை இருந்தாள். வெள்ளவத்தையில் கால்வாய்க் கரையோரமாக நிற்கும் ஒரு தொடர்மாடியிலிருந்து வருபவள். பக்கத்துக் கதிரையில் தர்ஷன். யாழ்ப்பாணத்துப் பெடியன். இந்தப் பாடத்தை அவன் இரண்டாவது முறையாகப் படிக்கிறான். முதல் முறை சோதனையில் "உமது சூழலை விபரிக்குக" என்று ஒரு கேள்வி வந்திருந்தது. தர்ஷன் சோதனை மண்டபத்துச் சன்னலுக்கு வெளியே பார்த்துப் பார்த்து எழுதினான். பார்த்து எழுதிய குற்றத்துக்காக மேற்பார்வையாளர் தாளைப் பறித்துவிட்டார். இந்தத் தரமும் தவறினால் அவன் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் அம்மா, மகன் ஏற்கெனவே பாஸ் என்று அயல் முழுக்கச் சொல்லி முடித்திருந்தா.

ஆகவே, பாடத்தின் அரைவாசிப் புள்ளிகள் இனிமேல் களப்பயிற்சிக்கு என்று பொன்னம்பலம் அறிவித்தபோது தர்ஷன் உயிர் வந்தவன்போல நிமிர்ந்தான்.

"நாங்கள் வெள்ளவத்தைக் கால்வாயைப் போய்ப் பார்க்கப் போறம்" என்றார் பொன்னம்பலம். "ஆனால் முதலில் இடர் மதிப்பீட்டு உபகுழு அனுமதிக்க வேணும்."

இடர் மதிப்பீட்டு உபகுழு கூடி, இடர்களை மதிப்பிட்டது. கால்வாயில் தண்ணீர் இருக்கிறது, விழலாம். கரையில் வெயில் இருக்கிறது, மயங்கலாம். போகிற வழியில் வாகனம் ஓயாத காலி வீதி இருக்கிறது. அதைப்பற்றிக் கதைக்கவே வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே கபரகொய்யா என்கிற பெரிய நீருடும்பு இருப்பதாக உபகுழுவின் தலைவி ரூபிகா கேள்விப்பட்டிருந்தார். விசாரிப்பதற்காக ஹிபாவைக் கூப்பிட்டார்கள்.

"கபரகொய்யா ஒண்டும் செய்யாது மிஸ்" என்றாள் ஹிபா. "நெதமும் எங்கட வீட்டுக்குப் பின்னால போகும். வாப்பா கைய ஆட்டினா திரும்பிப் பாக்கும்."

ரூபிகா திடுக்கிட்டார். "நீங்கள் அந்தக் கால்வாய்க்குப் பக்கத்திலேயா இருக்கிறீங்கள்?"

"ஓம் மிஸ்."

"எவ்வளவு காலமாக?"

"பொறந்ததிலேர்ந்து."

உபகுழு இரண்டு தீர்மானங்களை நிறைவேற்றியது. முதலாவது, பிறந்ததிலிருந்து இடருக்குள் வாழ்ந்துவரும் மேற்படி மாணவிக்கு உளவளத்துணை வழங்கப்பட வேண்டும். இரண்டாவது, மாணவர்களைக் கால்வாய்க்குக் கொண்டுபோவது ஆபத்தாகையால் கால்வாயை மாணவர்களிடம் கொண்டுவர வேண்டும்.

புவியியல் துறைக் கட்டடத்துக்கும் கன்ரீனுக்கும் நடுவில் இருந்த புல்தரை வெட்டப்பட்டது. நீச்சல் தடாகத்துக்கு வாங்கி மிஞ்சிய நீலத் தரையோடுகள் பதிக்கப்பட்டன. குழாயைத் திறந்து தண்ணீர் விட்டார்கள். பீடாதிபதி நாடா வெட்டினார். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டு, "இயற்கையை அவதானிக்கும் பகுதி: தயவுசெய்து செருப்பைக் கழற்றவும்" என்று பலகையும் வைத்தார்கள்.

மாணவர்கள் வரிசையாக நின்று அவதானித்தார்கள்.

"சேர், இதில ஒண்டுமில்லையே" என்றான் தர்ஷன்.

பொன்னம்பலமும் குனிந்து பார்த்தார். அவருடைய முகம்தான் தெரிந்தது. களப்பயிற்சியின் முதலாவது கேள்வி, "இந்நீர்நிலையிற் காணப்படும் மாசுகளை வகைப்படுத்துக" என்பது. மாசு இல்லாவிட்டால் வகைப்படுத்த முடியாது. வகைப்படுத்தாவிட்டால் புள்ளி இல்லை. புள்ளி இல்லாவிட்டால் வகுப்பு முழுவதும் பெயில்.

"அடுத்த கிழமை எல்லாரும் வரேக்க வீட்டிலயிருந்து கொஞ்சம் மாசு கொண்டுவாங்கோ" என்றார் பொன்னம்பலம்.

மறு கிழமை தர்ஷன் ஒரு வெறும் தண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவந்தான். மரியாதைக்காக அதை நன்றாகக் கழுவித் துடைத்திருந்தான். பொன்னம்பலம் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது மாசு இல்லை, தம்பி. இது போத்தல்."

"மிதக்க விட்டால் மாசு, சேர்."

பொன்னம்பலம் சற்று யோசித்தார். பிறகு "விடும்" என்றார். போத்தல் மிதந்தது. மாசானது. வகுப்பு கைதட்டியது.

அக்காலத்தில் வளாகம் முழுக்கப் பசுமை மோகம் பரவியிருந்தபடியால் எல்லாப் பிள்ளைகளிடமும் "பூமி எங்கள் தாய்" என்று அச்சிட்ட துணிப்பை இருந்தது. துணிப்பை ஒவ்வொன்றும் ஒரு பொலித்தீன் உறைக்குள் வந்திருந்தது. அந்த உறைகள் அத்தனையும் அன்று கால்வாய்க்குப் போயின. ஆனாலும் பொன்னம்பலத்துக்குத் திருப்தியில்லை. மூக்கைச் சுளித்து, மறுபடி இழுத்துப் பார்த்தார்.

"ஹிபா, உங்கட கால்வாய் இப்பிடியா மணக்கிறது?"

"இல்ல சேர். இது ஒண்டுமே மணக்குதில்லையே."

"அப்ப அந்த மணத்தைக் கொஞ்சம் கொண்டுவாரும்."

"மணத்த எப்பிடி சேர் கொண்டுவாற?"

"தண்ணியோட வரும்தானே."

ஹிபா வீட்டுக்குப் பின்னால் இறங்கி ஒரு கேன் நிறைய அள்ளினாள். அவளுடைய வாப்பா புவாத், வாழ்நாளில் முதல் தடவையாக அந்தத் தண்ணீரையும் கேட்டு வாங்க ஆள் இருப்பதைக் கண்டு பூரித்துப்போய், மூடியைத் தானே இறுக்கிக் கொடுத்தார். போதிய அளவு இறுகவில்லை. காலி வீதியில் பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டுமுன் ஹிபாவுக்கு இருக்கை கிடைத்தது. நாலாவது தரிப்பிடத்தில் எல்லா இருக்கைகளும் கிடைத்தன. கொண்டக்டர் முன் கதவில் தொங்கிக்கொண்டே, "நங்கி, தங்கச்சி, காசு வாணாம், இறங்கினாப் போதும்" என்றார்.

அந்த ஒரு கேன் தண்ணீர் விழுந்ததோடு கால்வாய் உயிர்பெற்றது. பாசி வந்தது. நுளம்பு வந்தது. ஒருநாள் எங்கிருந்தோ ஒரு கபரகொய்யாவே வந்தது. வாசலில் பாதுகாப்பு உத்தியோகத்தர் அடையாள அட்டை கேட்டார். அது அவரைக் கவனியாமல் நேரே உள்ளே போனது. அந்த நடையைப் பார்த்து, யாரோ சிரேஷ்ட விரிவுரையாளர் என்று நினைத்து அவர் எழும்பி நின்றுவிட்டார்.

பசுமை வளாக விருதுக்கான நடுவர்கள் வந்தது இந்தச் சமயத்தில்தான். மூக்கைப் பொத்தியபடி கால்வாயைச் சுற்றி வந்தார்கள். "நகரத்தின் உயிரோட்டமான சூழற்றொகுதி ஒன்றை அப்படியே மீளுருவாக்கியிருக்கிறீர்கள்" என்றார் மூத்த நடுவர். விருது கிடைத்தது. மாணவர்கள் மாசுகளை வகைப்படுத்தினார்கள். கொண்டுவந்தவர்கள் அவர்களே ஆகையால் ஒருவருக்கும் ஒரு விடையும் பிழைக்கவில்லை. தர்ஷன் அம்மாவுக்குப் போன் பண்ணி, "இந்தமுறை உண்மையாப் பாஸ்தான்" என்றான்.

"அப்ப போனமுறை?" என்றா அம்மா.

லைன் கட்டானது.

கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். ஆனால் கன்ரீனில் தேநீர் குடிக்கவந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அஷ்ரப், சும்மா இருக்கமாட்டாமல் கரண்டியால் கால்வாயைக் கிளறிப் பார்த்தார்.

"சேர், இதுக்குள்ள டெங்கு நுளம்புக் குடம்பி இரிக்கே."

"அது பாடவிதானத்தில இருக்கு" என்றார் பொன்னம்பலம்.

"இருக்கட்டும். தேங்கின தண்ணியில குடம்பி இருந்தா, இடத்துச் சொந்தக்காரர் மேல வழக்குப் போடணும். இது என்ன, தேங்கின தண்ணியா?"

"இல்லை. இது கால்வாய்."

"கால்வாய் எண்டா எனக்குப் பிரச்சினையில்ல. அது வாய்க்கால் பரிபாலனத் திணைக்களத்தோட வேல. கால்வாய்தான் எண்டு எழுதித் தருவீங்களா?"

பொன்னம்பலம் பெருமூச்சுவிட்டு, துறையின் முத்திரையைக் குத்தி, கால்வாய்தான் என்று எழுதிக் கொடுத்தார். அஷ்ரப் அதன் பிரதியைக் கடமை தவறாமல் வாய்க்கால் பரிபாலனத் திணைக்களத்துக்கு அனுப்பிவைத்தார்.

அங்கிருந்து ஜயந்த என்ற அதிகாரி, அளவு நாடாவும் சிவப்புப் பெயின்ற் டின்னுமாக வந்தார். கால்வாயின் ஓரத்திலிருந்து அளந்தார். நாடா புவியியல் துறையின் சுவரில் முட்டியது. அந்தச் சுவரில் அவர் பெரிதாக ஒரு குறுக்குக் கோடு போட்டார்.

பொன்னம்பலம் ஓடிவந்தார். "என்ன இது?"

"கால்வாய்க் கரையில சும்மா விடவேண்டிய ஒதுக்கிடத்துக்குள்ள கட்டின பில்டிங். அனுமதி இல்லாத கட்டடம். உடைக்கணும் சேர்."

"ஐயா, இந்தக் கட்டடம்தான் முதல் வந்தது! கால்வாய் பிறகுதான் வந்தது!"

"எல்லாரும் அப்பிடித்தான் சேர் சொல்றது" என்றார் ஜயந்த அன்பாக.

"அப்ப கால்வாயை மூடிவிடுறம்!"

"ஐயோ, கால்வாய் மூடுறது குத்தம். ஜெயில்." ஜயந்த இதைச் சொல்லும்போது அவருக்கே மனவருத்தமாக இருந்தது.

அன்றைய விரிவுரையில் பொன்னம்பலம் திரையில் படம் காட்டவில்லை. கதிரையில் தொப்பென்று இருந்து, வகுப்பைப் பார்த்து, "பிள்ளையள், எங்கட துறை போகப் போகுது" என்றார். துறை போனால் பாடம் போகும். பாடம் போனால் எடுத்த புள்ளியும் செல்லாது. தர்ஷனின் முகம் வெளிறியது.

திடீரென்று பொன்னம்பலம் நிமிர்ந்தார். "ஹிபா! உங்கட தொடர்மாடி கால்வாயை ஒட்டித்தானே நிக்குது? அதை ஏன் உடைக்கேல்ல?"

ஹிபா எழும்பி நின்றாள். "உடைக்க வந்தாங்க சேர். எங்கட ப்ளெட் ஆக்களெல்லாம் ஒண்டா யோசிச்சாங்க. ப்ளெட்ட நகர்த்தேலாதுதானே. அதனால மெப்புல கால்வாயக் கொஞ்சம் தள்ளிவெச்சிட்டாங்க."

"வந்த ஆக்கள் ஒண்டும் சொல்லேல்லையா?"

"மெப்பத்தானே சேர் பாத்தாங்க. சன்னலால ஒராளும் பாக்கல்லையே."

பொன்னம்பலத்தின் கண்கள் கலங்கின. முப்பது வருடப் புவியியல் வாழ்க்கையில் அந்தத் துறையின் பயனை இவ்வளவு தெளிவாக ஒருவரும் அவருக்கு எடுத்துச் சொன்னதில்லை.

உடனே இரண்டாவது களப்பயிற்சி அறிவிக்கப்பட்டது. தலைப்பு, "படவரைகலை: நீர்நிலை ஒன்றை இடமாற்றுதல்." வளாகத்தின் பழைய வரைபடம் ஒன்றை மேசையில் விரித்தார்கள். கால்வாயைக் கன்ரீன் பக்கம் தள்ளலாம் என்றார் பொன்னம்பலம். வகுப்பு கொதித்தெழுந்தது, மீன் பணிஸுக்கு எங்கே போவது? துணைவேந்தரின் வாசஸ்தலத்துக்கு ஊடாக விடலாம் என்றான் தர்ஷன். பொன்னம்பலத்துக்கு இருமல் வந்தது. நூலகத்துக்கு ஊடாக விட ஒருவரும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை.

கடைசியில் வரைபடத்தின் மேல் மூலையில் ஒரு வெற்றிடம் தெரிந்தது. அதற்குள் பெயரில்லை, கட்டடமில்லை. வெறும் வெள்ளை.

"அங்க விடுவம் சேர்" என்றான் தர்ஷன்.

அடிமட்டத்தை வைத்து, நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டு, அவனே கோட்டை இழுத்தான். நீல நிறம் தீட்டினான். ஓட்டத் திசையைக் காட்ட ஒரு சின்ன அம்புக்குறியும் போட்டான். பொன்னம்பலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு, மறுபடி பார்த்துவிட்டு, வகுப்பிலேயே அதியுயர் புள்ளியை அவனுக்குக் கொடுத்தார். வரைபடம் திணைக்களத்துக்குப் போனது. புவியியல் துறையின் சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. அன்றைக்கு வகுப்பு முழுவதும் மீன் பணிஸ் சாப்பிட்டது.

அந்த வரைபடம், அந்த வெள்ளை மூலையில் ஆண்கள் விடுதி கட்டப்படுவதற்கு முந்தியது. தர்ஷன் வந்த நாளிலிருந்தே அந்த விடுதியில்தான் இருக்கிறான். ஆனால் தான் படுத்தெழும்புகிற இடம் மேலேயிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று அவனுக்கு ஒருவரும் படிப்பித்திருக்கவில்லை. அது இரண்டாம் வருடப் பாடம்.

ஒரு காலையில் அவன் பல்துலக்கியபடி விடுதி வாசலுக்கு வந்தபோது, ஜயந்த வரைபடத்தைச் சுவரோடு பிடித்துப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மல்லி, தம்பி, இந்த மெப் கீறினது யார்?"

தர்ஷனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பெருமை முந்திக்கொண்டது. வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு, "நான்தான்" என்றான்.

"ஹரிம லஸ்ஸனய்! வடிவாச் செய்திருக்கு. ஒரு அங்குலம் பிசகு இல்ல" என்று அவனுடைய முதுகில் தட்டிக்கொடுத்தார் ஜயந்த. "கை வேற காலியா இல்ல, மல்லி. இந்தச் சிவப்புப் பெயின்ற் டின்னக் கொஞ்சம் பிடிங்க."