பதினொன்றாம் நம்பரின் நாற்பது மணி நேரம்

அட்டையில் ஒன்றுமே இல்லை. டொரத்தி திருப்பிப் பார்த்தாள். பின்பக்கமும் காலிதான்.

'சமூக சேவை: நாற்பது மணி நேரம்' என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே பத்து வரிகள், பத்தும் வெள்ளை. பெயர் மட்டும் நீல மையில் இருந்தது. சிவேந்திரன், இரண்டாம் ஆண்டு. கல்லூரிக் கூடைப்பந்து அணியின் பதினொன்றாம் நம்பர்.

மேசையில் லீக் அலுவலகத்தின் கடிதம் கிடந்தது. 'கல்வி முறைகேடு விசாரணை தொடர்பாக' என்று தலைப்பு. பதினொன்றாம் எண் ஆட்டக்காரரின் சேவை அட்டையை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் உறையிலிட்டு ஒட்டித் தரவும். வேறு விளக்கம் கிடையாது.

கிள்ளானில் இருக்கும் அந்தத் தனியார் கல்லூரியில் டொரத்தி பதிவேட்டுப் பிரிவு கிளார்க். பத்தொன்பது வருட சர்வீஸ். அத்தனை வருடத்தில் அவள் ஒரு மேட்சைக்கூட விட்டதில்லை, டீம் ஒரு கப்பைக்கூட வாங்கியதில்லை. கப் வைப்பதற்கென்று லாபியில் செய்த கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டிக் செடி நிற்கிறது. இந்த வருடம்தான் முதல் தடவையாக பைனல், வருகிற சனிக்கிழமை. ஓர் ஆட்டக்காரன் படிப்பில் தில்லுமுல்லு செய்தது தெரிந்தால், சீசன் முழுக்க அந்த அணி ஜெயித்ததெல்லாம் ரத்து. அது லீக் விதி.

அவள் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் கனகசபைக்கு போன் போட்டாள். அவருக்கு எழுபத்தொரு வயது. பென்ஷன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லா மேட்சுக்கும் குடையோடு ரயிலேறி வந்துவிடுவார். நாற்பது வருடம் அரசாங்கக் கடிதங்களோடு வாழ்ந்தவர் என்பதால், எந்தக் கடிதத்திலும் எழுதாததைத்தான் முதலில் படிப்பார்.

"அங்கிள், சிவேந்திரன் கார்டு காலி."

"எவ்வளவு காலி?"

"நேத்துதான் பிரிண்ட் பண்ண மாதிரி. ஆனா மூணாவது வருஷ முடிவுக்குள்ள செஞ்சாப் போதும் அங்கிள். அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் டைம் இருக்கு."

"அப்பிடியெண்டால் ஏன் கேட்கிறான்? ஒண்டும் இல்லாமல் கடிதம் வராது பிள்ளை. எதிர் டீம்காரன் பெட்டிசன் போட்டிருக்கிறான்."

"டீன் கிட்ட சொல்லிடவா?"

"சொல்லு. அவர் ஒரு கமிட்டி போடுவார். கமிட்டி டிசம்பரில் கூடும். பைனல் சனிக்கிழமை."

டொரத்தி போனை வைத்தாள். பேனாவை எடுத்தாள். இது வேலை போகிற காரியம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினாள். முதல் வரியில், 'தேவாலயச் சாப்பாட்டுச் சந்தை, பாத்திரம் கழுவுதல், எட்டு மணி நேரம், ஆகஸ்டு மூன்றாவது ஞாயிறு.' அன்றைக்குப் பாத்திரம் யார் கழுவினார்கள் என்று பாதிரியாருக்கே நினைவிருக்காது.

படம் எடுத்து கேவினுக்கு அனுப்பினாள். கேவின் பிரிக்பீல்ட்ஸில் போட்டோஸ்டாட் கடை வைத்திருப்பவன். ரசிகர்களின் வாட்ஸப் குரூப்பை நடத்துவதும் அவன்தான். உடனே கூப்பிட்டான்.

"அக்கா, அன்னிக்குத்தானே செராஸ்ல குவார்ட்டர் பைனல்? பதினொண்ணாம் நம்பர் இருபத்தேழு பாயிண்ட் போட்டானே!"

"அன்னிக்கா?"

"நீங்க கத்தி தொண்டை கட்டிக்கிட்டீங்களே. பேஸ்புக் லைவ்ல இன்னும் இருக்குக்கா. நீங்க கத்துறதும் இருக்கு."

டொரத்தி அந்த வரியின்மேல் வெள்ளை மை தடவினாள். அதுவரை காலியாக இருந்த அட்டை, இப்போது எதையோ மறைக்கிற அட்டை ஆயிற்று.

"புதுசா ஒண்ணு அடிச்சுடலாம்லா," என்றான் கேவின். "ஸ்கேன் பண்ணி அனுப்புங்க."

மறுநாள் காலையில் உறையோடு வந்து கவுண்டரில் நின்றான். டொரத்தி பிரித்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில், ஓரமெல்லாம் சுருண்டு ஒரு காகிதம் இருந்தது.

"என்னடா இது?"

"பழசா தெரியணும்லக்கா. தே-ஓல, பால் ஊத்தாத தேத்தண்ணில, ஊற வெச்சேன்."

"இந்தக் கார்டு அடிச்சே ரெண்டு வருஷந்தான்டா ஆவுது! இது ஜப்பான்காரன் காலத்து ரேஷன் கார்டு மாதிரி இருக்கு!"

"கொஞ்சம் கூடிப்போச்சு."

உறையிலிருந்து ஓர் எறும்பு வெளியே வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

"சீனி போடாம கோசோங்கா வாங்கியிருக்கக் கூடாது?"

"கடைக்காரர் நான் குடிக்கத்தான் கேக்கறேன்னு நெனச்சிட்டார்க்கா."

மூன்றாவது அட்டை ஒழுங்காக வந்தது. இனி அதில் என்ன எழுதுவது என்பதுதான் கேள்வி. புதன்கிழமை மத்தியானம் கனகசபையே கிள்ளானுக்கு வந்துவிட்டார். கேண்டீனின் கடைசி மேசையில் மூவரும் உட்கார்ந்தார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

"காப்பார் கடற்கரையில் அலையாத்திச் செடி நடுகிற திட்டம். எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் போறது. வருஷத்தில் அஞ்சே அஞ்சு ஞாயிறு. ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம். அஞ்செட்டு?"

"நாப்பது," என்றான் கேவின்.

"அந்த அஞ்சு ஞாயிறும் மேட்ச் இல்லை. பார்த்துவிட்டேன்."

டொரத்தி பேனாவைத் திறந்தாள். தேதிகளை எழுதினாள். ஐந்தாவது வரியை முடித்தபிறகுதான் கடைசிக் கட்டம் கண்ணில் பட்டது.

"அங்கிள், பார்ட்னர் பேரு கேக்குது. அங்க ரெண்டு ரெண்டு பேராத்தான் நடணும். யார் பேரைப் போடறது? நம்ம பசங்க பேரைப் போட்டா கூப்பிட்டு விசாரிப்பாங்க."

கனகசபை தேநீரை ஆற அமரக் குடித்தார்.

"எதிர் டீம் ஏழாம் நம்பர் பேரென்ன?"

"குரு," என்றான் கேவின். "அவன் எதுக்கு?"

"அவன் பேரைப் போடு."

"அங்கிள்!"

"யோசி பிள்ளை. பெட்டிசன் போட்டது அவங்கள். எங்கட பொய்க்குள்ள அவங்கட ஆளையும் இழுத்து விட்டால், தோண்டத் தோண்ட அவங்கட காலும் சேர்ந்து வெளியில வரும். வாயைப் பொத்திக்கொண்டு இருப்பாங்கள்."

"நான் போகவே இல்லைன்னு குரு சொல்லிட்டான்னா?"

"பைனலுக்காகப் பொய் சொல்லுறான் எண்டு நாங்கள் சொல்லுவம்."

கேவின் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான். பென்ஷன் இலாகாவில் யாருக்கும் ஏன் சீக்கிரம் பென்ஷன் கிடைக்கவில்லை என்பது டொரத்திக்கு இப்போது புரிந்தது. இருந்தாலும் எழுதினாள். ஐந்து வரியிலும், பார்ட்னர்: குரு.

மேற்பார்வையாளரின் முத்திரைச் சாப்பு ஒன்று பாக்கி. கேவின் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் இருபது நிமிடத்தில் ரப்பர் சாப்பு செய்து வாங்கி வந்தான். பதற்றத்தில் முதல் வரியில் தலைகீழாகக் குத்திவிட்டான். ஒரே மாதிரி இருக்கட்டும் என்று கனகசபை மற்ற நான்கையும் தலைகீழாகவே குத்தச் சொன்னார்.

வியாழக்கிழமை டொரத்தி சிவேந்திரனை அலுவலகத்துக்கு வரவழைத்தாள். ஆறடி மூன்றங்குலம். நிலைப்படியில் குனிந்து உள்ளே வந்தான்.

"தம்பி, காப்பார்ல நீ எத்தனை செடி நட்டே?"

"நான் காப்பாருக்கே போனதில்லை ஆன்டி. எங்க வீடு செராஸ்ல."

"முந்நூத்தி இருபது. சொல்லு."

"முந்நூத்தி இருபது."

"யாரோட?"

"யாரோட ஆன்டி?"

"குருவோட."

"ஏழாம் நம்பரா? அவன் என்னை முழங்கையால இடிச்சவன். அவனோட நான் எதுக்குச் செடி நடணும்?"

"சொன்னதைச் சொல்லுடா."

அவன் தன் ஷூவைப் பார்த்தான். "போகலைன்னே சொல்லிட்டா என்ன ஆன்டி? நான் போகலைதானே?"

"சொன்னா கப்பு போயிடும். பத்தொன்பது வருஷம்டா. நீ சும்மா பந்தை மட்டும் போடு. யார் கேட்டாலும் வாயைத் திறக்காதே."

அவன் தலையாட்டிவிட்டு மறுபடியும் குனிந்து வெளியே போனான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு லீக்கின் டெஸ்பாட்ச் ஆள் வந்தார். சுகுமாறன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். டொரத்தி உறையைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அவர் உறையைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார்.

டொரத்தியால் சும்மா இருக்க முடியவில்லை. கார் பார்க் வரைக்கும் பின்னாலேயே போனாள்.

"அண்ணே, இது என்னா கேஸுன்னு ஏதாச்சும் தெரியுமா? எங்க பையனுக்கு ஒண்ணும் பிரச்சினை வராதுல்ல?"

"உங்க பையனுக்கா?" சுகுமாறன் சிரித்துக்கொண்டே மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார். "கேஸ் எதிர் டீம் குரு மேலக்கா. சிவேந்திரனோட சேர்ந்து காப்பார்ல செடி நட்டேன்னு பொய்க் கணக்கு எழுதியிருக்கான், உங்க பையன் கார்டு காலியா இருந்தா போதும், நாளைக்கு ஆடாமலேயே கப்பு உங்களுக்குத்தான்!"