என் வீட்டை எனக்கே காட்டியவருக்குக் கமிஷன் உண்டா?

தூத்துக்குடி,
ஜார்ஜ் ரோடு, மாடி வீடு.

அன்பு மைத்துனர், வழக்கறிஞர் கிருபாநிதி அவர்களுக்கு அத்தான் தேவபிரசாதம் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே என் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் அக்கா ஜெபசுதாதான் கட்டுக்குள் இல்லை. சென்னையில் நீங்களும் ஜெனிலாவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க எங்கள் ஜெபங்கள். வயதில் சிறியவர் என்றாலும் சட்ட விஷயம் கேட்டு எழுதுவதால் 'நீங்கள்' என்றே எழுதுகிறேன். பீஸ் விஷயத்தில் மட்டும் வயதையும் உறவையும் கவனத்தில் கொள்ளவும். போனில் கேட்கலாமே என்பீர்கள். போனில் பேசினால் உங்கள் அக்கா பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகத் திருத்துகிறாள். அதனால்தான் கடிதம்.

துறைமுகத்திலிருந்து நான் ஓய்வு பெற்ற பணம் பேங்கில் சும்மா கிடப்பதும், 'வாடகை வீட்டுலயிருந்து என்னைப் பெட்டியில தூக்கிட்டுப் போக வச்சிராதீங்க' என்று உங்கள் அக்கா தினமும் சாப்பாட்டு நேரத்தில் சொல்வதும் உங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் பாலகணேஷ் என்கிற புரோக்கரிடம் போனேன். அவர் தன்னைப் புரோக்கர் என்று சொல்லிக்கொள்வதில்லை. 'பையர் ஏஜென்ட் சார். மத்தவன் ரெண்டு பக்கமும் நிப்பான். நான் வாங்குறவங்க பக்கம் மட்டுந்தான் நிப்பேன்' என்றார். ஆபீசில் ஏசி நன்றாக இருந்தது. ஆங்கிலத்தில் ஓர் ஒப்பந்தத்தை நீட்டினார். என் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அடித்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு மேல் படிக்க அந்தக் குளிர்ச்சியில் மனம் வரவில்லை. அதன்பிறகு அவர் காட்டிய வீடுகளைப் பற்றி என்ன சொல்ல. திரேஸ்புரத்தில் கடல் தெரியும் வீடு என்று ஒன்றைக் காட்டினார். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் கடல் தெரியும் என்றார்கள். எனக்கு மூட்டு வலி என்பதால் அவரே ஏறிப் பார்த்து, 'தெரியுது சார், நல்லாத் தெரியுது' என்று எங்களுக்காகச் சொன்னார். ஆதிச்சநல்லூர்ப் பக்கம் ஒரு மனை இருந்தது. அஸ்திவாரம் தோண்டும்போது முதுமக்கள் தாழி வந்தால் என்ன செய்வது என்று உங்கள் அக்கா கேட்டாள். அவர் கொஞ்சமும் யோசிக்காமல், 'உள்ள இருக்கிறவங்க வாடகை கேட்டு வரவா போறாங்க' என்றார். அதோடு நாங்கள் வீடு தேடுவதை விட்டுவிட்டோம்.

இந்த நிலையில் கீழ் வீட்டில் இருக்கும் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், உப்பு வியாபாரி வன்னியபெருமாள் அண்ணாச்சி, ஒருநாள் மாடிக்கு வந்தார். 'சார், மகன் கோயம்புத்தூருக்கு வரச் சொல்லுதான். வீட்டக் குடுத்துரலாம்னு இருக்கேன். அசலூர்க்காரனுக்குக் குடுக்க மனசில்ல, நீங்களே எடுத்துக்கிடுங்க' என்றார். காபி ஆறுவதற்குள் விலை பேசி முடித்துவிட்டோம். உங்கள் அக்கா அழுதாள். நானும் மூக்கைச் சிந்தினேன். அதோடு நின்றிருக்கலாம். மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுவோமே என்று பாலகணேஷ் ஆபீசுக்குப் போய், 'தம்பி, இனிமே எனக்காக அலைய வேண்டாம், குடியிருக்கிற வீட்டையே சொந்தக்காரர்கிட்ட நேரா வாங்கப் பேசி முடிச்சிட்டேன்' என்றேன். அவர் எழுந்து கைகொடுத்தார். மக்ரூன் டப்பாவைத் திறந்து நீட்டினார். நான் ஒன்றை வாயில் போட்டதும் பைலைத் திறந்து, எந்த வீட்டை யார் மூலம் வாங்கினாலும், சொந்தக்காரரிடம் நேரடியாகவே வாங்கினாலும், அவருக்கு இரண்டு சதவீதம் நான் கொடுக்க வேண்டும் என்ற வரியைக் காட்டினார். மக்ரூன் வாயில் கரையவில்லை.

'நீங்க ஒண்ணுமே செய்யலையே தம்பி' என்றேன். அவர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார், அதுதான் கஷ்டம். 'நியாயந்தான் சார். சும்மா காசு வாங்கினா எனக்கும் ஒட்டாது. நாளைக்கு வாரேன். அந்த வீட்ட முறைப்படி உங்களுக்குக் காட்டிருதேன்' என்றார்.

சொன்னபடி காலையிலேயே ஹெல்மெட்டும் பைலுமாக வந்துவிட்டார். நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். 'நீங்க உள்ள இருந்தா நான் எப்படிச் சார் காட்ட முடியும்' என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்கு இறங்கி, அவரோடு மறுபடி மாடியேறினேன். அவர் மணியடித்தார். உங்கள் அக்கா கதவைத் திறந்து, 'சாவிய மறந்துட்டுப் போனீங்களா' என்று என்னைக் கேட்டாள். அவர் என் காதோரம், 'இப்பக் குடியிருக்கிறவங்க. பேச்சுக் குடுக்காதீங்க, காலி பண்ண மாட்டேன்னு மல்லுக்கு நிப்பாங்க' என்றார். ஹாலுக்குள் வந்து சுவரைத் தடவி, 'எவ்வளவு ஆணி அடிச்சிருக்காங்க பாருங்க. அடுத்தவன் சுவருன்னா அவ்வளவு இளக்காரம்' என்றார். அவ்வளவும் நான் அடித்த ஆணிகள். இருந்தாலும் வாங்கப்போகிறவன் என்ற முறையில் எனக்குக் கோபம் வந்தது. அடுக்களைக்குப் போனோம். தாளித்துத் தாளித்துச் சுவர் கறுத்திருப்பதை அவர் காட்டினார். 'கொஞ்சம் சுத்தமா வச்சிருந்திருக்கலாம்' என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. உங்கள் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். 'எப்பக் காலி பண்ணணும்' என்று கேட்டாள். 'கிறிஸ்துமஸ் வரைக்கும் டைம் குடுப்போம் சார், நாமளும் மனுஷங்கதானே' என்றார் பாலகணேஷ். தலையாட்டியது நான்தான். அதை மறுக்கவில்லை.

படுக்கையறையில்தான் விஷயம் சிக்கலானது. அவர் சொல்லச் சொல்ல நானும் சேர்ந்து பீரோவைத் தள்ளினேன். பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப்போன பீரோ அது, ஒருநாளும் நகர்த்தியதில்லை. ஜன்னலைத் திறந்ததும் கடல் காற்று முகத்தில் அடித்தது. தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள் வரிசையாக நின்றன. முப்பது வருஷம் நான் அடியில் நின்று வேலை பார்த்த கிரேன்கள், இங்கிருந்து பார்க்க ஏதோ அழகாகத்தான் இருந்தன. 'இதுக்குப் பேருதான் சார் காட்டுறது' என்றார் பாலகணேஷ். பீரோ சத்தம் கேட்டு அண்ணாச்சி மேலே ஓடிவந்தார். அவரிடம் பாலகணேஷ் கம்பியில் துரு, கூரையில் ஓதம், உப்புக்காற்றில் பெயர்ந்த காரை என்று ஒவ்வொன்றாகக் காட்டி விலையைக் குறைக்கச் சொன்னார். அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. 'ஏலே, நீ யாரு? நான் சாருக்குத்தான் விக்கேன்னேன், ஒனக்கு விக்கேன்னு சொல்லல' என்றார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். 'இது இங்கன இருக்குன்னு நானே மறந்துட்டேன். இதுக்குத் தனியா போட்டுத் தாங்க' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தேன். 'வீடு பாக்க வந்தவங்களுக்கு இங்க சோறு போடுற வழக்கமில்ல. குடியிருக்கிறவங்களுக்கு மட்டுந்தான்' என்றாள் உங்கள் அக்கா. அன்றிலிருந்து எனக்குப் பரோட்டா கடைதான். சுகர் இதுவரை கட்டுக்குள் இருப்பது ஆண்டவரின் கிருபை என்று முதலில் எழுதியது இதனால்தான்.

ஆகவே நீங்கள் சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். விலை பேசி முடித்த வீட்டை அதற்குப் பிறகு காட்டினால் அது காட்டியதாகுமா? நேராகச் சொந்தக்காரரிடம் வாங்குவதற்கு எதற்குக் கமிஷன்? ஜன்னலுக்கு மட்டும் இரண்டு சதவீதம் கொடுத்தால் கோர்ட் ஒப்புக்கொள்ளுமா? என்னைப் பொறுத்தவரை ஒரு பைசா கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். பாலகணேஷுக்குக் காரசாரமாக ஒரு நோட்டீஸ் அனுப்பி வைக்கவும்.

உங்கள் வீட்டில் சமாதானமும், கோர்ட்டில் கட்சிக்காரர்களும் பெருகட்டும். ஜெனிலாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உங்கள் அத்தான்,
தேவபிரசாதம்

பி.கு.: நோட்டீஸ் அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்துக்குத் தபால்தலை வாங்கப் போய்வருவதற்குள் உங்கள் அக்கா வீட்டை வாங்கிவிட்டாள். தான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தையும், நீங்கள் பிரித்துக் கொடுத்த சாத்தான்குளத்துக் குடும்பச் சொத்துப் பங்கையும் போட்டு, அண்ணாச்சியிடம் நேராகப் பேசி, தன் பெயருக்கே எழுதி வாங்குகிறாள். பாலகணேஷ் சொன்ன துரு, ஓதம், காரை எல்லாவற்றையும் அவளும் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னதும் அண்ணாச்சி குறைத்துவிட்டார். ஜன்னலுக்குத் தனி விலையும் இல்லையாம். பாலகணேஷ் வந்து ஒப்பந்தத்தைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தார். அவள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, நான் எதையும் வாங்கவில்லை என்பது அவருக்கு விளங்கிவிட்டது. கோபப்படவில்லை. 'அப்ப நீங்க எங்க சார் இருக்கப் போறீங்க? வாடகைக்கு ரெண்டு வீடு கையில இருக்கு, காட்டட்டுமா' என்றார். நான் இங்கேயே இருக்கத்தான் விரும்புகிறேன். உங்கள் அக்கா, 'அட்வான்சும் வாடகையும் பிறகு சொல்றேன்' என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தியிருக்கிறாள். நீங்கள் கூடப்பிறந்தவர். வீட்டுக்காரம்மாவிடம் எனக்காக ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கவும்.