சம்பந்திக்கு ரோட்டர்டாமைச் சுற்றிக் காட்டி நான் வென்ற விவரம்

ரோட்டர்டாம்,
திங்கட்கிழமை

எனக்கு மூத்தவளும், பிறந்ததிலிருந்து என் பேச்சைப் பாதியில் நிறுத்துகிறவளுமான அக்கா யான்னாவுக்கு, தம்பி லேண்டர்ட் பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் கோரியும் உன் மருமகள் ஃபெம்கேயும் சுகம். அங்கே நீயும் அத்தானும், தனியாக விசாரிக்க வேண்டிய அத்தானுடைய முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் சீலாந்தில் மழை எப்படி? இங்கேயும் மழைதான். ஆனால் எங்கள் ஊர் மழை வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும், உட்கார்ந்து கதை பேசாது.

போன கடிதத்தில் நீ ஒரே ஒரு புத்திமதி சொல்லியிருந்தாய். சம்பந்தி வரும்போது ஊர்ப் பெருமை பேசாதே என்று. அக்கா, இரண்டு நாளும் நான் பெருமையே பேசவில்லை, உண்மையை மட்டும்தான் பேசினேன். ரோட்டர்டாமைப் பற்றி உண்மையைச் சொன்னால் கேட்கிறவர்கள் காதில் அது பெருமையாக விழுகிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

விஷயம் உனக்குத் தெரியும். இருந்தாலும் இதை நீ அத்தானுக்கு வாசித்துக் காட்டுவாய், அவர் எல்லாவற்றையும் மறந்திருப்பார், அதனால் சொல்கிறேன். செப்டம்பரில் ஃபெம்கேக்கும் யோரிஸுக்கும் கல்யாணம். பிறகு எந்த ஊரில் குடித்தனம் என்பதுதான் கேள்வி. யோரிஸ் ஒரே பிள்ளை. அவன் அப்பா டீடெரிக், பத்திரம் எழுதிப் பதிவு செய்யும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், ஆம்ஸ்டர்டாமில் கால்வாய்க் கரையில் ஏணிபோல் செங்குத்தான படிகள் உள்ள ஒரு பழைய வீட்டில் தனியாக இருக்கிறார். பையன் என்னிடம் நேராகவே சொல்லிவிட்டான்: "அப்பாவுக்கு உங்க ஊர் பிடிச்சுப் போச்சுன்னா நாங்க அங்கேயே இருந்துடறோம் மாமா. அவர் அடிக்கடி வந்து போவார். பிடிக்கலைன்னா ஆம்ஸ்டர்டாம்தான்." நம் வீட்டுக்கு நேர் மேலே நாலாவது மாடியில் ஃபேன்ஸ்ட்ரா அம்மா ஜூலையில் மகன் வீட்டுக்குப் போகிறாள், அந்த வீடு காலியாகிறது. அதைப் பற்றி அவளிடம் குளிர்காலத்திலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறேன். பால்கனியில் நின்றால் ஆறு முழுக்கத் தெரியும். கோரி பூந்தொட்டி வைக்க ஜன்னல் விளிம்பைக்கூட அளந்துவிட்டு வந்தாள். ஒரே மகள், அக்கா. தலைக்கு மேலே அவள் நடக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே காலைக் காபியைக் குடிக்க வேண்டும் என்கிற என் ஆசை உனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆகவே சனிக்கிழமை காலை ரயில் நிலையத்துக்குக் கோட்டு சூட்டோடு போய் நின்றேன். சம்பந்தி இறங்கினார். தொப்பி, குடை, எதையோ முகர்ந்து பார்ப்பதுபோல் ஒரு மூக்கு. நிலையத்தின் கூரையை நிமிர்ந்து பார்த்தார், எதிரே கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்தார். "எல்லாம் புதுசாவே இருக்கே சம்பந்தி. பழசுன்னு ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். கோரி என் கோட்டைப் பின்னாலிருந்து இழுத்தாள். "பழசை எல்லாம் உலகப் போர்ல ஒரே மத்தியானத்துல குண்டு போட்டு எரிச்சுட்டுப் போயிட்டாங்க. அப்பறம் நாங்க உக்காந்து அழலை, கட்டிக்கிட்டோம்" என்றேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார். முதல் வெற்றி எனக்குத்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் காபி. காபிக்கு ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுத்துவிட்டு டப்பாவை மூடிவிடுவதுதானே நம் பரம்பரை வழக்கம்? அன்று கோரி டப்பாவை மறுபடியும் திறந்து இரண்டாவது பிஸ்கட்டை நீட்டினாள். இந்த வீட்டில் கடைசியாக அப்படி நடந்தது ஃபெம்கே பிறந்தபோது. அதிலிருந்தே நிலைமை எவ்வளவு தீவிரம் என்று புரிந்துகொள்.

அதற்குப் பிறகு ஊர் சுற்றல். சாய்ந்த கனசதுர வீடுகளுக்குள் கூட்டிப் போனேன், சுவர் சாய்வாக இருக்கும் என்று நான் எச்சரிக்க வாயைத் திறந்தபோதே அவர் நெற்றியை இடித்துக்கொண்டார். அந்த வீக்கத்தோடு துறைமுகம் பார்க்கப் படகில் ஏற்றினேன். கோரி கட்டிக் கொடுத்த பாலாடைக்கட்டி ரொட்டியைக் கையில் கொடுத்து, கடல் முகத்துவாரம் வரைக்கும் ஒவ்வொரு பாரந்தூக்கியையும் விடாமல் காட்டினேன். ஓட்டுநரே இல்லாத வண்டிகள் தாமாகவே சரக்குப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு வரிசை தவறாமல் போகிற இடத்துக்கு வந்தபோது என் குரல் தழுதழுத்துவிட்டது. சம்பந்தி ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு ஆளையும் காணோமே, இதுல என்னத்தைப் பாக்கறது?" என்றார். ஆள் இல்லாததைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் விளக்கிய விளக்கத்தில் பக்கத்து இருக்கை ஜெர்மன்காரர்கள் எழுந்து மேல்தளத்துக்குப் போய்விட்டார்கள். விவரம் தாங்கவில்லை போலிருக்கிறது, பாவம்.

திரும்பும்போது கரையில் ஹெர்ரிங் மீன் வண்டி. இந்த வருஷத்துப் புது மீன், அடுப்பில் வைக்காமல் உப்பில் ஊறப்போட்டது, வாயில் வைத்தால் வெண்ணெய். வரிசையில் நின்று எங்கள் முறை வந்ததும் சம்பந்தி சத்தமாக, "எனக்குத் துண்டு போட்டு, மேல வெள்ளரி ஊறுகாய் வச்சுக் கொடுங்க" என்றார். அக்கா, வரிசையே திரும்பிப் பார்த்தது. மீன்காரி அவரை ஏற இறங்கப் பார்த்து, "ஆம்ஸ்டர்டாமா? பரவால்ல, அங்கயும் மனுஷங்கதான் இருக்காங்க" என்றாள். மானம் போகிறதே என்று, நம் ஊர் வழக்கப்படி எப்படிச் சாப்பிடுவது என்று நானே செய்து காட்டினேன். வாலைப் பிடித்து, அண்ணாந்து, வாயைத் திறந்து, மீனை இறக்கினேன். மீன் வாய்க்கு வந்து சேரவில்லை. கடற்காகம் ஒன்று வந்து என் மூக்குக்கு ஒரு விரற்கடை மேலே அதைக் கொத்திக்கொண்டு போய்விட்டது, நான் மட்டும் வெறும் வாலைப் பிடித்தபடி நின்றேன். சம்பந்தி அந்த வருகையில் முதல் தடவையாகச் சிரித்தார். நானும் விடவில்லை. எங்கள் ஊர்ப் பறவைகூடக் குறி தவறாது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

பிறகு தண்ணீர் டாக்சி. ஓட்டின பெண்ணின் காதோடு, "இவர் வாத்து வேகத்துல போற ஊர்லேர்ந்து வந்திருக்கார், கொஞ்சம் காட்டும்மா" என்றேன். காட்டினாள். சம்பந்தி, அவருடைய குடை, வீக்கம் எல்லாம் நனைந்தன, தொப்பி பறந்து ஆற்றில் விழுந்தது. அந்தப் பெண் ஒரு கையால் படகைத் திருப்பி, மறு கையால் தொப்பியை அள்ளி, உதறி, அவர் தலையிலேயே வைத்தாள். இழுவைப்படகில் காலமெல்லாம் தலைவனாக இருந்த நானே அவ்வளவு சுத்தமாக ஒரு திருப்பம் திருப்பியதில்லை. என் பெருமைக்கு அளவே இல்லை. சம்பந்தி மட்டும் தும்மிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு என்று உயரமான கோபுரத்தை மிச்சம் வைத்திருந்தேன், கோரியும் சிறுசுகள் இரண்டும்கூட வந்தார்கள். மேலே போய்க் கதவைத் திறந்தால் கடலிலிருந்து மூடுபனி ஏறி எல்லாம் ஒரே வெள்ளை, கம்பிக்கு அப்பால் என் கையே தெரியவில்லை. நான் அசரவில்லை. அதோ வெள்ளைப் பாலம், அதோ பழைய தூக்குப் பாலம், அதோ நான் வேலை பார்த்த துறை என்று வெள்ளையில் விரலை நீட்டி நீட்டி முழு ஊரையும் காட்டி முடித்தேன். "ரொம்ப அழகா இருக்கு. நேத்தைவிட இன்னிக்கு நல்லாத் தெரியுது" என்றார் சம்பந்தி. ஃபெம்கே திரும்பி நின்றுகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். யோரிஸ் முகத்தைப் பார்த்தேன், பையன் மனதுக்குள் ஆம்ஸ்டர்டாமுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான்.

அந்தக் கோபுரத்திலிருந்து கயிற்றில் தொங்கிக்கொண்டு கீழே இறங்கும் விளையாட்டு ஒன்று உண்டு. சிறுசுகள் இரண்டும் அதற்குச் சீட்டு வாங்கியிருந்தார்கள். பனி கொஞ்சம் கலைந்து, இறங்கலாம் என்று அங்கிருந்தவர்கள் சொன்னபோது சம்பந்தி என்னைப் பார்த்து, "ஏன் சம்பந்தி, இவ்வளவு சொன்னீங்களே, நீங்க இறங்கறதா இருந்தா நானும் இறங்கறேன்" என்றார். ரோட்டர்டாமில் சட்டை வாங்கினால் வேலைக்குத் தோதாகக் கையை மடித்தே விற்பார்கள் என்று அவரிடம் முந்தின நாள்தான் நாலு தடவை சொல்லியிருந்தேன். பேசுவது அவர்கள் ஊர், செய்வது எங்கள் ஊர் என்றும் சொல்லியிருந்தேன். இனி எப்படிப் பின்வாங்குவது? கட்டுங்கள் கயிற்றை என்றேன். சிறுசுகள் தங்கள் முறையை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்கள். கோரி மட்டும், தண்ணீரில் வாழ்ந்தவனுக்கு ஆகாயத்தில் என்ன வேலை என்று முணுமுணுத்தாள்.

உன்னிடம் மறைப்பானேன், நான் விளிம்பைத் தாண்டும்போதே கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். பாதி வழியில் முகத்தில் வெயில் படுவது தெரிந்தது. பக்கத்துக் கயிற்றிலிருந்து சம்பந்தியின் குரல் மெதுவாக வந்தது: "சம்பந்தி, கண்ணைத் திறங்க. உங்க ஊர் வந்துடுச்சு."

எனக்கு மனப்பாடம், திறக்கத் தேவையில்லை என்றேன். அப்போது அந்த மனிதர் எனக்கு என் ஊரைச் சொல்ல ஆரம்பித்தார். ஆறு எப்படி வளைகிறது, பாலத்தின் கம்பிகளில் வெயில் எப்படி நிற்கிறது, கூரைகள் எப்படி ஈரமாக மின்னுகின்றன என்று ஒவ்வொன்றாக. கடைசியில், "ஒரு பெரிய கப்பலை ரெண்டு சின்னப் படகு இழுத்துட்டு வருது. இதுவா நீங்க பார்த்த வேலை?" என்று கேட்டார். இதுதான் என்றேன். "இவ்வளவு சின்னப் படகா?" என்றார். மூடின கண்ணிலிருந்தும் தண்ணீர் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் தரையைத் தொட்டுக் கயிற்றை அவிழ்த்த பிறகும் அவர் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தார். இறங்கி வாருங்கள் என்று இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது.

மாலையில் ரயில் மேடையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது ஒரே வார்த்தை: "மோசமில்ல." அக்கா, நம் அப்பா தன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது! ஆம்ஸ்டர்டாம்காரன் வாயிலிருந்து சுத்தமான ரோட்டர்டாம் பாராட்டு. யோரிஸ் சிரித்தான், ஃபெம்கே என்னைக் கட்டிக்கொண்டாள். வென்றுவிட்டேன். நீ சொன்ன புத்திமதியைக் கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா என்று மட்டும் யோசித்துப் பார்.

அத்தானுக்கு என் வணக்கம், அவர் முழங்காலுக்கு கோரியின் தைலம் தனியே வருகிறது. உன் பேரப்பிள்ளைகள் எல்லோரும் நீரிலும் நிலத்திலும் நன்றாக இருக்கட்டும். செப்டம்பருக்கு வரும்போது நாலாவது மாடியில் ஃபெம்கே வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் பெருமைமிக்க தம்பி
லேண்டர்ட்

பின்குறிப்பு: தபால் தலை வாங்க மறந்து, கடிதம் வெள்ளிக்கிழமை வரை மேசையிலேயே கிடந்துவிட்டது. நாலாவது மாடியில் தங்கலாம் என்று எழுதிய வரியை அடித்துவிடு. அந்த வீட்டை சம்பந்தி எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை தனியாக ரயிலேறி வந்து, பத்திரம் எழுதின கையல்லவா, மத்தியானத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிட்டார். ஃபேன்ஸ்ட்ரா அம்மாவிடம் நியாயம் கேட்கப் போனேன். "நீங்க குளிர்காலத்துலேர்ந்து பேசிட்டே இருந்தீங்க. அவர் வந்தார், கையெழுத்துப் போட்டார்" என்கிறாள். லிஃப்ட் இருக்கிறதாம், அவர் கால்வாய் வீட்டுப் படிகள் இனி அவருக்கு ஆகாதாம், சாகும்வரை அந்த ஆற்றைப் பார்க்க வேண்டுமாம். ஆம்ஸ்டர்டாம் வீட்டைக் கல்யாணப் பரிசாகச் சிறுசுகளுக்கே கொடுத்துவிட்டார். "ரயில்ல முக்கால் மணி நேரம்தான்ப்பா. வேலைக்கு தினமும் உங்க ஊருக்குத்தானே வரப்போறேன்" என்கிறாள் என் மகள். உங்க ஊராம். இதை எழுதும்போது தலைக்கு மேலே யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது. அளவெடுக்க வந்திருக்கிறார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு. காபிக்குக் கூப்பிட்டாக வேண்டும். பிஸ்கட் ஒன்றுதான் என்று கோரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.