சூப்பரிண்டெண்ட் சைக்கிள் தேர்ந்தெடுத்த விதம்

இந்தக் கதையில் எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. முக்கால்வாசி எங்கள் கொள்முதல் பிரிவு சூப்பரிண்டெண்ட் டீ நேரத்தில் சொன்னது. மீதி, அவருக்குச் சாப்பாட்டு டப்பா கொடுக்க வரும் அவர் மனைவி சொன்னது. அக்கா அதிகம் பேசமாட்டார். சிரிப்பார். அதைத்தான் சில இடங்களில் நான் வாக்கியமாக்கியிருக்கிறேன்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. சூப்பரிண்டெண்ட் இரண்டாவது மாடியிலேயே நின்று மின்சார மீட்டர்களை அக்கறையாகப் பார்ப்பாராம். அவர் பார்ப்பது மீட்டர் இல்லை, வாங்குவது மூச்சு என்பது மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் அக்காவுக்குத் தெரியும். டாக்டரும் சொல்லிவிட்டார்: தினமும் உடற்பயிற்சி செய்யாவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டி வரும்.

நடக்கலாம் என்றால் வெயில். வெயில் தாழ்ந்தால் நாய். கடைசியில் அவரே மகத்தான முடிவை அறிவித்தார். வீட்டிலேயே மிதிக்க, நின்ற இடத்தில் நிற்கும் சைக்கிள் ஒன்று வாங்கிவிடலாம்.

இங்கேதான் அவர் தந்திரம். எங்கள் பிரிவில் ஒரு மேஜை வாங்குவதென்றாலும் மூன்று மாடல்களை ஒப்பிட்டாக வேண்டும். ஒப்பிட்டு முடிப்பதற்குள் மேஜை கேட்டவர் ஓய்வு பெற்றுவிடுவார்.

"வாங்கினாத்தானே தம்பி மிதிக்கணும்?" என்றார் என்னிடம். "பரிசீலனையில இருக்கிற பொருளுக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை."

அக்கா உடனே ஒத்துக்கொண்டார். அப்போதே சூப்பரிண்டெண்டுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

கடையில் மூன்று சைக்கிள்களைப் பொறுக்கினார்கள். சூப்பரிண்டெண்ட் ஒவ்வொன்றிலும் இரண்டு சுற்று மிதித்துவிட்டு இறங்கினார்.

"உங்க ஆபீஸ்லயும் இப்படித்தானா? ரெண்டு சுத்து சுத்திட்டு கையெழுத்துப் போட்டுடுவீங்களா?" என்றார் அக்கா.

மனிதருக்குச் சுருக்கென்றது. சட்டை முதுகோடு ஒட்டும்வரை மிதித்தார். ஒன்றில் இருக்கை கல் மாதிரி. இன்னொன்றில் கைப்பிடி எட்டவில்லை. மூன்றாவது கீச்சிட்டது. அக்கா மறுநாளும் கூட்டிப்போனார். நேற்று செருப்போடு மிதித்தீர்கள், ஷூ போட்டால் எப்படி என்று பார்க்க வேண்டாமா என்றார். அதற்கு மறுநாள், ஆட்டோ வேண்டாம், நடந்து வந்த காலோடு மிதித்தால்தானே முட்டிக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரியும் என்றார். ஒவ்வொரு மாலையும் ஒரு காரணம். எல்லாமே விதிமுறைப்படி சரியான காரணங்கள். அவரால் மறுக்க முடியவில்லை.

ஒருநாள் மட்டும் சலித்துப்போய், ரெண்டாவதையே எடுத்துவிடலாம் என்றார். அக்கா கைக்குட்டையால் அவர் கழுத்தைத் துடைத்துவிட்டார்.

"அவசரப்படாதீங்க. எனக்கு நீங்க ரொம்ப நாள் வேணும்."

அவர் மூன்றாவது சைக்கிளில் ஏறினாராம்.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை புரட்டிவிட்டு, என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார். சூப்பரிண்டெண்ட் பொய் சொல்லாதவர்.

"ஒண்ணும் பண்ணலை டாக்டர். சைக்கிளே இன்னும் வாங்கலை."

நெஞ்சைத் திறக்கத் தேவையில்லை என்று டாக்டர் சொன்னதை எங்களிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். டாக்டரையும் மனைவியையும் ஒரே ஆட்டத்தில் ஜெயித்தவர் முகம். வீட்டிலும் போய், உடற்பயிற்சி இல்லாமலே உடம்பு தேறிவிட்டது, இனி சைக்கிள் எதற்கு என்று கேட்டிருக்கிறார்.

"உங்களை யாருங்க ஜெயிக்க முடியும்?" என்றாராம் அக்கா. "ஆனா ஆரம்பிச்ச வேலையைப் பாதியில விடலாமா? எதுன்னு மட்டும் முடிவு பண்ணிடுங்க."

இன்னும் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

கேட்டதை அப்படியே எழுத எனக்குப் பயம். அதனால் போன வாரம் அந்தக் கடைக்குப் போய், அதே மூன்று சைக்கிள்களில் ஒன்று எனக்கு வேண்டும் என்றேன். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். மூன்றும் எப்போதோ நிறுத்திவிட்ட பழைய மாடல்களாம். சும்மா காட்சிக்கு வைத்திருக்கிறாராம். சார் மிதிப்பதைப் பார்த்து வருகிறவர்கள் புது மாடல் வாங்குவதால் அவரும் கண்டுகொள்வதில்லை.

"விக்க முடியாதுன்னு அந்த அம்மாகிட்ட முதல் நாளே சொல்லிட்டேனே" என்றார். "ரொம்ப நல்லதாப் போச்சுன்னாங்க."